ஐந்து மூட்டை இன்னும் தோற்கவில்லை

உட்காருங்கள் தம்பி. பையைக் காலடியில் வைக்காதீர்கள், கண்டக்டர் மிதிப்பார். மடியில் வையுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். எனக்குக் காற்று வேண்டும்.

மன்னார்குடிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டால் சொல்வேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். "பெரியவரே, போன வருசம் விளைச்சல் எப்படி?" என்று கேட்டீர்களா, இல்லையா? கேட்டீர்கள். கேட்ட பிறகு போனை எடுக்கக் கூடாது.

மெதுவாகத்தான் பேசுவேன். மூன்று சீட்டு முன்னால் கத்திரிப்பூ நிறப் புடவை தெரிகிறதா? அதுதான் என் வீட்டுக்காரி சம்பூர்ணம். அவளுக்குப் பஸ் இலவசம். எனக்கு டிக்கெட். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஏறினோம், ஒரே இடத்தில் இறங்கப் போகிறோம். சரி, விடுங்கள்.

என் பெயர் வைரக்கண்ணு. ரோட்டடியில் ஆறு மா நிலம். உங்கள் கணக்குக்கு இரண்டு ஏக்கர். எங்கள் ஊரில் பயிரின் நிறத்தைப் பார்த்தே யார் வயல் என்று சொல்லிவிடலாம். என்னுடையது கரும்பச்சை. பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்ப்பான். ஏக்கருக்கு ஐந்து மூட்டை யூரியா. அடியுரம் தனி. என் அப்பா மூன்று போட்டார். நான் நான்காக்கினேன், பிறகு ஐந்தாக்கினேன். மனிதன் முன்னேற வேண்டாமா?

பயிர் சாய்ந்தது உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. போன வருசத்துக்கு முன் மூன்று வருசமும் தை பிறக்கிற நேரத்தில் படுத்துவிட்டது. அது காற்று. யூரியாவுக்கும் சாய்வதற்கும் சம்பந்தமே இல்லை. சாய்ந்த பயிரில் அறுப்பு மெஷினை இறக்க மாட்டேன் என்பான் டிரைவர். சம்பூர்ணம் அரிவாளை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்குவாள். கூட நாலு பெண்டுகள். அவளுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. நானும் சும்மா இருப்பதில்லை. வரப்பில் நின்று, இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வெயிலில் நிற்பதும் வேலைதானே.

போன வருசம் ஆடியில் வேளாண்மை ஆபீசில் இருந்து ஒரு பெண் வந்தாள். சுகிர்தா என்று பெயர். ஸ்கூட்டியில் வந்தாள். பாதிப் பேச்சு வரைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் கேட்கிறாள்:

"ஐயா, நீங்க போடுற அஞ்சு மூட்டையும் பயிருக்குத்தான் போவுதுன்னு எப்படித் தெரியும்?"

"பயிருக்குப் போவாம உங்க ஆபீசுக்கா போவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவள் சிரிக்கக் கூடாது.

"நடுவுல ஒரு வரப்பு போடுவோம் ஐயா. ஒரு பாதிக்கு நீங்க வழக்கமா போடுறத போடுங்க. இன்னொரு பாதிக்கு நான் சொல்றப்ப, நான் சொல்ற அளவு. ரெண்டையும் தனித்தனியா அறுத்து எடை போட்டுப் பாத்துருவோம். அப்புறம் வாய்ப்பேச்சே வேண்டாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தான். பக்கத்து வயல்காரன், முறைக்கு மைத்துனன்.

"என் வயல்ல வச்சுக்கம்மா. மச்சான் பயப்படுறாரு" என்றான்.

பயமா? எனக்கா? என் வயலில்தான் சோதனை, வேறு எங்கேயும் கிடையாது என்று எழுந்து வந்துவிட்டேன். டீ பாதி கிளாஸ் அப்படியே இருந்தது.

வரப்பு போட்ட அன்றைக்கு சம்பூர்ணமும் வயலுக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வந்து நின்றாள்.

"பாப்பா, உன் பாதி ஜெயிச்சா என்ன?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. எடை தெரிஞ்சா போதும்."

"எனக்கு வேணும். உன் பாதியில நெல்லு மூட்டை கூட விழுந்தா, அடுத்த சம்பாவுக்கு யூரியா எத்தனைன்னு நான்தான் சொல்லுவேன். இவரு வயல்ல காலை வைக்கப்படாது. வரப்புல நின்னுக்கட்டும்."

"அந்தப் பாதி தோத்தா நீ என்ன பண்ணுவே?" என்று நான் கேட்டேன்.

"தோத்தா வருசா வருசம் அரிவாளைத் தூக்கிக்கிட்டு எறங்குறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

சரி என்றேன். ஏன் சொல்லக் கூடாது? அந்தப் பெண் கணக்கில் ஏக்கருக்கு மொத்தம் இரண்டு மூட்டை. என் கணக்கில் ஐந்து. ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா? இரண்டாம் வகுப்புக் கணக்கு.

ரோட்டுப் பாதி கொஞ்சம் மேடு. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். உள்பாதி பள்ளம். பள்ளத்தில்தான் சத்து சேரும். கேட்டு வாங்கிக்கொண்டேன். நடுவரப்பில் மடை இருந்தது. அதை அடைத்தே வைக்க வேண்டும் என்றாள். தண்ணீர் கலந்தால் உரமும் கலந்துவிடுமாம். இரண்டு பாதிக்கும் வாய்க்காலில் இருந்து தனித்தனியாகத் தண்ணீர். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் சொல்லும்போது புதிதாகக் கேட்பது மாதிரி நின்றேன். மரியாதைக்கு.

நடவு முடிந்தது. நான் நாள் கணக்குப்படி யூரியாவை வீசினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் அட்டை கொண்டுவந்தாள். இளம்பச்சையில் இருந்து கரும்பச்சை வரை கோடு கோடாக இருக்கும். இலையை அதன்மேல் வைத்து வைத்துப் பார்க்கிறாள். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி பார்ப்பார்களே, அப்படி.

"இன்னும் பச்சை இருக்கு ஐயா. இந்த வாரம் வேண்டாம்."

"பசி வந்தப்பறம்தான் சோறு போடுவியா?"

"பசிக்காதப்ப போட்டா அஜீரணம் ஐயா."

போய்விட்டாள். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஸ்கூட்டி போய்விட்டது.

இரண்டு மாதம் நெருங்கும்போது வித்தியாசம் தெரிந்தது. என் பாதி மயில் கழுத்து மாதிரி. அவள் பாதி வெளிர்பச்சை. அதுவும் ரோட்டோரம்! என் பாதியைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் பாதியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். எவன் தாண்டுகிறான்? சைக்கிளை நிறுத்திக் கேட்கிறான்: "என்னண்ணே, உடம்புக்கு முடியலியா? வயல் பக்கம் வரதில்லையா?" பால்காரன் கேட்டான். தபால்காரர் கேட்டார். தபால்காரருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பக்கிரிசாமி கேட்கவே இல்லை. தினமும் வந்து நின்று, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவான். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நீங்கள் வெளியூர். உங்களுக்குப் புரியாது. சட்டை கிழிந்திருந்தால் துண்டைப் போட்டு மறைக்கலாம். வயல் வெளுத்தால் எதைப் போட்டு மறைப்பது?

யூரியாவைத்தான் போட வேண்டும்.

ஐப்பசி கடைசியில் பக்கிரிசாமி பேத்திக்குக் காதுகுத்து. ஊர் முழுக்க அங்கே. ஆட்டுக்கறி. நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். ஆயுசில் நான் விட்ட கறிவிருந்து அது ஒன்றுதான். நடுப்பகல். ரோட்டில் நாய்கூட இல்லை, அதுவும் விருந்துக்குப் போயிருக்கும். இரண்டு மூட்டையைச் சைக்கிளில் கொண்டுபோய் ரோட்டுப் பாதியில் வீசினேன். தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அழகாகக் கரைந்தது.

பிறகு யோசித்தேன். அவள் பாதிக்கு இரண்டு கூடினால் வித்தியாசம் குறையும். வித்தியாசம் குறைந்தால் சோதனை கெட்டுப்போகும். பாவம், எங்கேயோ படித்துவிட்டு வந்து வெயிலில் அலைகிற பெண். அவள் சோதனையை நான் கெடுக்கலாமா? மறுபடியும் வீட்டுக்குப் போய் இன்னொரு மூட்டை கொண்டுவந்தேன். அதை என் பாதிக்குப் போட்டேன். நியாயம் என்றால் நியாயமாக இருக்க வேண்டும்.

சம்பூர்ணம் சாயந்திரம் தூக்கில் கறி கொண்டுவந்தாள். "வயிறு எப்படி இருக்கு?" என்றாள். "தேவலை" என்றேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவள் வெளியே போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. பொம்பளைகளை ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்கிற ஆள் நான் இல்லை.

பத்து நாள் போனது. ரோட்டுப் பாதி பச்சை கட்டியது. என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. யூரியா வேலை செய்வது தெரியாதா எனக்கு? பக்கிரிசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா, கலர் ஏறிருச்சு."

"அப்படியேதான் இருக்கு மச்சான்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அப்படியேதான் இருக்கு."

அவனுக்குக் கண்ணில் புரை. டாக்டரிடம் போகச் சொன்னேன். அந்தப் பெண்ணும் வந்து அட்டையை வைத்துப் பார்த்தாள். அவளும் கலர் ஏறியதாகச் சொல்லவில்லை. அட்டை பழசாகிவிட்டது போல.

மார்கழியில் என் பாதியில் புகையான் விழுந்தது. தூர் தூராகப் பூச்சி ஒட்டிக்கொண்டு, வட்டம் வட்டமாகப் பயிர் கருகியது. ரோட்டுப் பாதியில் பேருக்கு ஒன்றிரண்டு. பூச்சிக்குக்கூடத் தெரிகிறது எந்தப் பயிர் நல்ல பயிர் என்று. அதை நான் பக்கிரிசாமியிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனான்.

தை மூன்றாம் தேதி காற்றும் மழையும். என் பாதி படுத்துவிட்டது. பாயை விரித்த மாதிரி. ரோட்டுப் பாதி நின்றது. நடுவரப்புக்கு இந்தப் பக்கம் அடித்த காற்று, அந்தப் பக்கம் அடிக்கவில்லை. காற்று அப்படித்தான். ஆள் பார்த்து அடிக்கும்.

கொஞ்சம் இருங்கள். திரும்பிப் பார்க்கிறாள். என்ன? ஒன்றுமில்லை, தம்பிக்கு ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ முன்னால் பார்.

எங்கே விட்டேன்? அறுப்பு. மெஷின் வந்தது. ரோட்டுப் பாதியை ஒரு மணி நேரத்தில் முடித்தது. என் பாதியைப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கவே இல்லை. "பெரியவரே, இது படுக்கை. இதுல நான் வர மாட்டேன்" என்றான். சம்பூர்ணம் அரிவாளை எடுத்தாள். ஆறு நாள். வாயே திறக்கவில்லை. தோற்றால்தான் வாய் திறக்க மாட்டேன் என்றாள், அப்போது இன்னும் எடையே போடவில்லை. ராத்திரி இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள். தேய்த்துவிட்டேன். அதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன்?

களத்தில் எடை. அந்தப் பெண் நோட்டோடு நிற்கிறாள். பக்கிரிசாமி நிற்கிறான். பால்காரன், தபால்காரர் எல்லாரும். ரோட்டுப் பாதி முப்பத்தொரு மூட்டை. என் பாதி பத்தொன்பது, அதிலும் மூன்று மூட்டை முளைவிட்ட நெல்.

தபால்காரர் "ப்ச்" என்றார். அந்த "ப்ச்"தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கடா! அந்த முப்பத்தொண்ணு யாரு யூரியாவுல வெளஞ்சது தெரியுமா? என் யூரியா! ரெண்டு மூட்டை! காதுகுத்து அன்னிக்கு நான் என் கையால வீசுனேன்! ஜெயிச்சது நான்தான்!"

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "ஐயா, என் பாதிக்கா போட்டீங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். முகம் வாடிப்போய்க் கேட்டாள். "ஆறு மாசம் ஐயா" என்றாள்.

அப்போது சம்பூர்ணம் சொன்னாள், கோணியைத் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்:

"நீ எழுதும்மா. அவரு போட்டது உன் பாதியில தங்கல. அன்னிக்கு வீட்டுல யூரியா அடுக்குல மூணு மூட்டை கொறஞ்சிருந்துச்சு. கறிச்சோத்தை விட்டுட்டு வீட்டுல படுக்குற ஆளா இவரு? போய்ப் பாத்தேன். வரப்பெல்லாம் வெள்ளையா செதறிக் கெடக்கு. நடுமடையைத் தொறந்து விட்டுட்டேன். உன் பாதித் தண்ணி பூரா இவரு பாதிக்கு எறங்கிருச்சு. அப்புறம் வாய்க்காலைத் திருப்பிப் புதுத்தண்ணி விட்டேன்."

சிரிப்பு என்றால் சிரிப்பு. பக்கிரிசாமி களத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நெல் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தப் பெண்ணும்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். என் பாதியில் நான் போட்டது ஐந்து. நியாயத்துக்குப் போட்டது ஒன்று. இவள் இறக்கிவிட்டது இரண்டு. ஆக எட்டு. எட்டு மூட்டை யூரியாவை ஒரு ஏக்கரில் கொட்டினால் எந்தப் பயிர் நிற்கும்? சாயாதா? பூச்சி வராதா? உரத்துக்கு ஓர் அளவு கிடையாதா? இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். என் பயிரைச் சாய்த்தது இவள். நான் இல்லை.

அந்தப் பெண் நேர்மையானவள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிளம்பும்போது சொன்னாள்: "சோதனை கொஞ்சம் கெட்டுப்போச்சு ஐயா. ரெண்டுக்கும் எட்டுக்கும்தான் எடை பாத்திருக்கோம். அஞ்சு போட்டா என்ன ஆகும்னு இதுல தெரியாது."

கேட்டீர்களா? ஐந்துக்குத் தெரியாது! அரசாங்கத்து வாயால் சொன்னது. தோற்றது எட்டு. என் ஐந்து இன்னும் தோற்கவில்லை. களத்தில் இறங்கவே இல்லையே, எப்படித் தோற்கும்? இதை நான் சம்பூர்ணத்திடம் சொன்னேன். பக்கிரிசாமியிடம் சொன்னேன். தபால்காரரிடம்கூடச் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. "பேசுனா பேசுனதுதான் மச்சான், மூட்டை கூட விழுந்துருச்சுல்ல" என்கிறான் பக்கிரிசாமி. இந்த வருசம் அவனும் இரண்டுதான் போடுகிறானாம். கேட்டால், அக்காவிடம் கேட்டுத்தான் போடுகிறேன் என்கிறான். அக்கா! முப்பது வருசம் அவனுக்கு நான் யோசனை சொன்னேன்.

நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. இந்தச் சம்பாவுக்கு நான் வயலில் கால் வைக்கவில்லை. நடவுக்கும் வரப்பில்தான் நின்றேன். சேறு படாத காலைப் பார்த்தால் எனக்கே யாருடைய கால் என்று தோன்றுகிறது. இவள் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு இலை இலையாகப் பார்க்கிறாள். கூப்பிட்டுக்கூடக் காட்டுவதில்லை.

இன்றைக்கு எங்கே போகிறோம் என்றா? சொசைட்டிக்கு. யூரியா வாங்க. அங்கே இப்போது சும்மா மூட்டை தருவதில்லை தம்பி. மெஷின் வைத்திருக்கிறார்கள். விரலை வைக்க வேண்டும். ரேகை ஒத்துப்போனால்தான் மூட்டை. யார் விரல் வைக்கிறாரோ அவர் பேரில் பில். எத்தனை மூட்டை என்று அவரைத்தான் கேட்பார்கள். வயலில் கால் வைக்கக் கூடாது என்றுதான் பேச்சு. விரலைப் பற்றிப் பேச்சே இல்லை.

போன மாதம் அடியுரத்துக்கு வந்தோம். நான் முந்திக்கொண்டு கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. ஆட்காட்டி விரல். எடுக்கவில்லை. பத்து விரலும் வைத்தேன். பின்னால் வரிசை நிற்கிறது. "பெரியவருக்கு ரேகை தேஞ்சுபோச்சு" என்று மெஷின்காரர் சத்தமாகச் சொன்னார். ஐம்பது வருசம் உரத்தை வெறுங்கையால் அள்ளி வீசியவன் கையில் ரேகை எப்படி இருக்கும்? சம்பூர்ணம் முழங்கையால் என்னைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தன் விரலை வைத்தாள். ஒரே தடவை. மெஷின் டிங் என்றது.

இன்றைக்கு அது நடக்காது. எட்டு நாளாக விளக்கெண்ணெய் தடவுகிறேன். விடிகாலையில் வெந்நீரில் ஊறவைத்தேன். மெஷின் எடுத்துவிட்டால், எத்தனை என்று என்னைத்தான் கேட்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து என்று கணக்கிட்டுப் பத்து என்பேன். பில் போட்ட பிறகு அவள் என்ன செய்ய முடியும்?

இதோ கட்டைவிரல். வெளிச்சத்தில் பிடிக்கிறேன். பாருங்கள். சும்மா பார்க்காதீர்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

"ஏங்க! ஸ்டாப்பு வந்துருச்சு. எழுந்திரிங்க. கயித்தை எடுத்துக்குங்க. வண்டிக்காரன்கிட்ட நாலு மூட்டைன்னு சொல்லிட்டேன். ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து."

வருகிறேன், வருகிறேன், கத்தாதே. பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

காலை ஒதுக்குங்கள் தம்பி, இறங்க வேண்டும். நீங்கள் பதிலே சொல்லவில்லையே. ரேகை தெரிகிறதா, இல்லையா? பொய் சொல்லாதீர்கள்.

ஒரு கோடாவது?